ஆத்தாவுக்கு எந்த டிக்கெட்? மாதக்கணக்கில் வெளிநாட்டில் தங்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து ஆத்தாவை மட்டும் அனுப்பினார். தள்ளுவண்டியில் இரண்டு பெட்டி. ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை, பிள்ளை பெற்றவளுக்கு இடித்த மருந்துப்பொடி. கோலாலம்பூரில் இருக்கும் தங்கச்சிக்கு இது இரண்டாவது பேறு. தலைப்பிள்ளைக்கு அவள் காரைக்குடிக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை வேலையை விட்டு வர முடியவில்லை, அதனால் ஆத்தா போனார். மூன்று மாதம் இருந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வருவதாகத் திட்டம்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. "தம்பி, இங்க இருக்கிற பொண்ணு என்னமோ முப்பது நாளுங்குது. நீயே பேசு."

கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார். மலேசியாவுக்கு விசா இல்லாமல் போகிற இந்தியர் 30 நாள்தான் தங்கலாம். ஆத்தாவின் திரும்பும் டிக்கெட்டோ 84ஆவது நாளில் இருக்கிறது. இப்படி ஏற்ற முடியாது. "ரிட்டர்ன் டிக்கெட்தான் இருக்குதே" என்றேன். "இருக்கு சார், ஆனா தேதி தப்பு" என்றார். கவுன்டர் மூட முக்கால் மணி நேரம் இருந்தது. வெளியே நடைபாதையில் உட்கார்ந்து, போனிலேயே திரும்பும் தேதியை 28ஆம் நாளுக்கு மாற்றினேன். மாற்றுக் கட்டணமும் டிக்கெட் விலையில் வந்த வித்தியாசமும் சேர்ந்து, முதலில் கொடுத்த தொகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆத்தா போன 20ஆவது நாள் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு எட்டு நாளாகும்போது ஆத்தா திரும்பிவிட்டார். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு வந்த அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. நாங்கள் எத்தனை நாள் வேண்டுமென்று நினைத்தோமோ அதை வைத்து டிக்கெட் எடுத்தேன். அந்த நாடு எத்தனை நாள் தருகிறது என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பல வீட்டுப் பெரியவர்களுக்கு டிக்கெட் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். தேவகோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு, பள்ளத்தூரிலிருந்து டல்லாஸுக்கு, புதுவயலிலிருந்து சிட்னிக்கு. அந்த அனுபவத்தை வைத்து, எந்த வகை டிக்கெட் யாருக்குப் பொருந்தும் என்று எழுதுகிறேன்.

கவுன்டரில் ஏன் கேட்கிறார்கள்

குடிநுழைவு அதிகாரி கேட்கவேண்டிய கேள்வியை விமானக் கம்பெனி ஊழியர் கேட்கிறாரே என்று பலருக்குக் கோபம் வருகிறது. காரணம் தெரிந்தால் அந்தக் கோபம் குறையும். சரியான தாள் இல்லாத பயணியை இறக்கினால், அவரைத் திருப்பிக் கொண்டுபோகிற பொறுப்பு விமானக் கம்பெனிக்கு வரும். 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் 9ஆவது இணைப்பே ஏறும் இடத்தில் பயணியின் ஆவணங்களைப் பார்க்கும் கடமையைக் கம்பெனிமேல் வைக்கிறது. அதற்குமேல் பல நாடுகள் அபராதமும் போடுகின்றன. பிரிட்டனில் ஆளுக்கு 2,000 பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் போட்ட விதியில் ஆளுக்கு 3,000, 5,000 யூரோ என்ற அளவில் பேசுகிறது. ஒரு டிக்கெட்டில் கிடைக்கும் லாபம் இதற்குக் காணாது. அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே கம்பெனிக்குப் பத்திரம்.

ஊழியர் தன் மனம்போல் முடிவு செய்வதும் இல்லை. பன்னாட்டு விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா நடத்தும் டைமேட்டிக் என்ற தரவுத்தொகுப்பில் பயணியின் நாடு, போகுமிடம், இடையில் இறங்குமிடம், தங்கும் நாள் இவற்றைப் போட்டுப் பார்க்கிறார். பாஸ்போர்ட் எத்தனை மாதம் செல்லுபடியாக வேண்டும், விசா வேண்டுமா, திரும்பும் டிக்கெட் வேண்டுமா என்று திரையில் வரும். வந்ததை அவர் மீற மாட்டார். ஐயாட்டாவின் பயண மைய இணையப் பக்கத்தில் நாமும் இதையே பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் வாங்குவதற்கு முன் பார்த்தால் பணம் மிச்சம்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போனவர்களை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம், முகாம் இருந்தது நம் கரையில். கடல் தாண்டுமுன்பே அடுத்த நாட்டின் வாசற்படி வந்துவிட்டது. இன்றைக்கு அந்த வாசற்படி திருச்சி, மதுரை செக்-இன் கவுன்டரில் இருக்கிறது.

முதலில் நாள், பிறகுதான் டிக்கெட்

நம் ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கிட்டங்கியில் (தொழில் செய்தவர்கள் சேர்ந்து தங்கிய கடைவீடு) தங்கி, கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்புவார்கள். இப்போது நாடுதான் கணக்கு வைக்கிறது, அதுவும் நாள் கணக்கில்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு விசா இல்லாமல் 30 நாள் தருகிறது. 2026 டிசம்பர் 31 வரை இது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும், திரும்பும் டிக்கெட் வேண்டும். 30 நாளுக்குமேல் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் சிறையும் இருக்கின்றன.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். ஆனால் விசாவில் இருக்கும் தேதி வேறு, தங்க அனுமதிக்கும் நாள் வேறு. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தங்கும் நாள் இறங்கிய பிறகு மின்னஞ்சலில் வரும் வருகை அனுமதியில் இருக்கும். பெரும்பாலும் 30 நாள். அங்கே இருக்கிற பிள்ளை இணையத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். கிடைத்தால் மொத்தம் 89 நாள்வரை போகலாம், ஆனால் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. பி2 என்ற பார்வையாளர் விசா பத்து வருஷத்துக்குக் குத்தப்பட்டிருந்தாலும், ஒரு தடவை இறங்கினால் வழக்கமாக ஆறு மாதம்வரை. கடைசித் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். பிரிட்டன் பார்வையாளர் விசாவும் ஆறு மாதம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரும் நாடுகள்) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே நுழைவும் வெளியேற்றமும் கணினியில் பதிவாகத் தொடங்கியிருப்பதால் ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 600 வகைப் பார்வையாளர் விசா வரும்போது எத்தனை மாதம் என்று அனுமதிக் கடிதத்திலேயே போட்டிருக்கும். அதில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்தபடி நீட்டிக்கப் பொதுவாக வழி கிடையாது. கனடாவில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா உண்டு. 2022 ஜூலை முதல் ஒரு தடவை போனால் ஐந்து வருஷம்வரை தங்கலாம். ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அதற்குக் கட்டாயம்.

நாட்டுக்கு நாடு நாள் இப்படி மாறுவதால், டிக்கெட்டும் ஒரே மாதிரி எடுக்க முடியாது.

ஒருவழி டிக்கெட்

விலை குறைவு. எப்போது திரும்புவது என்று முடிவாகாத வீட்டுக்கு வசதியாகத் தோன்றும். ஆனால் மலேசியா, தாய்லாந்து, துபாய் மாதிரி வருகையாளராகப் போகிற இடங்களுக்கு ஒருவழி டிக்கெட்டோடு பெரியவர்களை அனுப்புவது தப்பு. கவுன்டரில் நிறுத்துவார்கள். அந்த இடத்திலேயே திரும்பும் டிக்கெட் வாங்கச் சொல்வார்கள். பறக்கும் நாளில் வாங்கினால் விலை எங்கே இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

நீண்டகால அனுமதி கையில் இருப்பவருக்கு ஒருவழி பொருந்தும். வேலை அனுமதி, சார்ந்தோர் அனுமதி, நிரந்தரவாசம், சூப்பர் விசா போன்றவை உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். அமெரிக்கப் பார்வையாளர் விசா வைத்திருப்பவருக்குத் திரும்பும் டிக்கெட் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தும் என் வீட்டுப் பெரியவரை நான் அப்படி அனுப்ப மாட்டேன். அங்கே இறங்கியதும் அதிகாரி கேட்கும் முதல் சில கேள்விகளில் "எப்போது திரும்புகிறீர்கள்" என்பது இருக்கும். தேதி அச்சடித்த தாளைக் காட்டுவது ஆங்கிலத்தில் விளக்குவதைவிடச் சுலபம்.

ஒரே கம்பெனியில் போகவர, தேதி மாற்றக்கூடியது

என் முதல் தேர்வு இதுதான். பெரும்பாலான வீடுகளுக்கு இதையே சொல்கிறேன். திரும்பும் தேதியை நாடு தரும் நாளுக்குள் வையுங்கள், கடைசி நாளில் வைக்காதீர்கள். 30 நாளென்றால் 27 அல்லது 28, ஆறு மாதமென்றால் ஐந்தரை மாதம். உடம்புக்கு முடியாமல் போனாலோ விமானம் ரத்தானாலோ இரண்டு மூன்று நாள் கையிருப்பு வேண்டும். நீட்டிப்புக் கிடைத்தால் பிறகு தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

வாங்குமுன் கேட்கவேண்டியது மூன்று. மாற்றுக் கட்டணம் எவ்வளவு? கட்டணம் இல்லை என்றாலும் அன்றைய விலை வித்தியாசம் உண்டா? (பெரும்பாலும் உண்டு. "இலவச மாற்றம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் இதில்தான் ஏமாந்தார்கள்.) இந்த விலைப்பிரிவில் அதிகபட்சம் எத்தனை நாள் தங்கலாம்? பெரிய கம்பெனிகளின் மலிவுப் பிரிவுகளில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அமெரிக்காவுக்கு ஆறு மாதம் போகிறவர் மூன்று மாதப் பிரிவில் வாங்கிவிட்டால், மாற்றும்போது முழு விலையும் ஏறிவிடும். டிக்கெட்டின் ஆயுள் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தோ புறப்பட்ட நாளிலிருந்தோ ஒரு வருஷம்.

இன்னொரு நன்மையும் உண்டு. போகிற டிக்கெட்டும் வருகிற டிக்கெட்டும் ஒரே முன்பதிவு எண்ணில் இருப்பதால், கவுன்டர் திரையில் இரண்டும் தானாகத் தெரியும். ஆத்தா எதையும் எடுத்துக் காட்டவேண்டாம், எதையும் விளக்கவேண்டாம். பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்கும்போது, டிக்கெட்தான் அவருக்காகப் பேச வேண்டும். மற்ற வகைகளை நான் நிறுத்துப் பார்ப்பதும் இதை வைத்துத்தான். குறை ஒன்று இருக்கிறது. போகும் விமானத்தைத் தவறவிட்டால் வரும் டிக்கெட்டும் பல கம்பெனிகளில் தானே ரத்தாகிவிடும்.

இரண்டு கம்பெனியில் இரண்டு ஒருவழி

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் மலிவுக் கட்டண விமானங்கள் பல இருப்பதால் நம் பக்கத்தில் இது அதிகம். போகும்போது ஒன்று, வரும்போது இன்னொன்று. பல நேரம் விலை குறைகிறது. ஒன்று தவறினாலும் மற்றது பிழைக்கும். விதிப்படி இது முழுக்கச் சரி, கவுன்டரில் ஏற்பார்கள்.

ஆனால் திரும்பும் டிக்கெட் அந்தக் கம்பெனித் திரையில் தெரியாது, தாளில்தான் காட்ட வேண்டும். போனில் வைத்திருந்தால் போதாதா என்றால், ஆத்தா போனில் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் வரிசை நிற்கும், கை நடுங்கும். இரண்டு பிரதி அச்சடித்துக் கொடுங்கள். இன்னொன்று, பெயர். நம் ஊரில் இனிஷியல் வைக்கிறோம், பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. ஒரு கம்பெனி இணையதளம் பெயரையே இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். இரண்டு டிக்கெட்டிலும் பெயர் இரண்டு விதமாக வந்துவிட்டால், இது இவர் டிக்கெட்தானா என்று கேள்வி வரும். வாங்கும்போதே கவனியுங்கள். துபாய்க்குப் போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு வருகையாளர் விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள்.

மூன்றாம் நாட்டுக்கு ஒரு டிக்கெட்

கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு அல்லாமல் மேடானுக்கோ கொழும்புக்கோ மலிவாக ஒரு டிக்கெட் எடுத்து, வெளியேறுவதற்கு அதைக் காட்டுவது. சுற்றித் திரிகிற இளைஞர்களுக்கு இது உண்மையான வழி, அவர்கள் நிஜமாகவே அங்கே போகிறார்கள். ஆனால் போகும் அந்த நாட்டுக்குள் நுழைய உங்களுக்குத் தகுதி இருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ் டிக்கெட் காட்டுகிறேன் என்று ஒரு பையன் கேட்டான். சிங்கப்பூர் விசா அவனிடம் இல்லை. விசா இல்லாத நாட்டுக்கு எடுத்த டிக்கெட், மலேசியாவிலிருந்து வெளியேறுவதற்குச் சாட்சி ஆகாது. பஸ், ரயில், படகு டிக்கெட்டை விமானக் கவுன்டரில் ஏற்பதும் ஊழியரைப் பொறுத்தது. தனியாகப் போகும் பெரியவர்களுக்கு இந்த வகையே வேண்டாம்.

முழுப் பணமும் திரும்பும் டிக்கெட்

தேதி தெரியாதவர்களுக்கும், அங்கே போய் நீண்டகால அனுமதி வாங்கப்போகிறவர்களுக்கும் ஏற்றது. நிஜமான டிக்கெட், கவுன்டரில் எந்தச் சந்தேகமும் வராது. தேவைப்படாவிட்டால் ரத்து செய்து பணம் வாங்கிக்கொள்ளலாம். விலைதான் அதிகம், பணம் கொஞ்ச நாள் முடங்கியும் கிடக்கும்.

"ரீஃபண்டபிள்" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு முழுப் பணம் வந்ததில்லை. ரத்துக் கட்டணம் போக மீதி என்றுதான் பல இணையதளங்களில் அதற்குப் பொருள். எவ்வளவு பிடிப்பார்கள் என்ற வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள். முடிந்தால் விமானக் கம்பெனியிடம் நேரடியாக வாங்குங்கள். நடுவில் ஒரு இணையதளமோ ஏஜென்டோ இருந்தால் பணம் வர நாள் கூடும். விமானம் புறப்படுவதற்கு முன்பே ரத்து செய்துவிட வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் அடிப்படைக் கட்டணம் போய்விடும். ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை: பணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாவிட்டால் விமான நிலையக் கட்டணம் போன்ற சட்டப்படியான வரிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி. கேட்டால்தான் வரும், கேளுங்கள்.

வாடகைக்கு எடுக்கும் முன்பதிவு

கொஞ்சம் காசு கொடுத்தால் ஒரு முன்பதிவு எண்ணோடு தாள் அனுப்புகிறார்கள். இரண்டொரு நாளில் அது தானே ரத்தாகிவிடும். இதைச் செய்யாதீர்கள். ஊழியர் அந்த எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தால், பணம் கட்டாத முன்பதிவு என்று தெரியும். அதிகாரியிடம் அதைக் காட்டினால் பொய்யான ஆவணம் காட்டியதாக ஆகும், அந்தப் பதிவு அடுத்த விசாவுக்கும் கூடவே வரும். எழுபது வயது மனுஷியின் கையில் அப்படியொரு தாளைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது.

அனுமதியை வாங்கிவிட்டு டிக்கெட்

மூன்று மாதம் தேவை என்றால் உண்மையில் யோசிக்கவேண்டியது இதைத்தான். நான் முதல் தடவை யோசிக்காமல் விட்டதும் இதைத்தான். மலேசியாவில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியின் உயர்பிரிவில் இருப்பவர்கள், பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் நீண்டகால சமூக வருகை அனுமதி கேட்கலாம். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்து மாதம் 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலைச் சம்பளம் வாங்குகிறவர், பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். தாள்கள் அதிகம், நாள் பிடிக்கும், எல்லோருடைய சம்பளமும் அந்த அளவைத் தொடாது. ஆனால் கிடைத்துவிட்டால் தேதிக் கணக்கு, எல்லை தாண்டித் திரும்புவது, நீட்டிப்புக்குக் காத்திருப்பது எல்லாம் தீர்ந்துவிடும். பேறுகாலம் என்றால் முன்கூட்டியே நாள் தெரிகிறது. ஐந்தாம் மாதத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடலாம்.

அது கிடைக்காதவர்கள் என்ன செய்வது? 30 நாள் முடிவில் ஹாட்யாய்க்குப் போய் மறுநாள் திரும்பினால் இன்னொரு 30 நாள் கிடைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கிடைத்தவர்களும் உண்டு. அது அதிகாரியின் விருப்பம், உரிமை இல்லை. இரண்டாவது தடவை மறுத்தால் பெரியவர் எல்லையில் தனியாக நிற்பார். அதைவிட இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். முதல் நான்கு வாரம் ஆத்தா, அடுத்த நான்கு வாரம் மாமியார். என் சித்தி வீட்டில் இப்படித்தான் செய்தார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் எட்டு வாரம் துணை கிடைத்தது, யாருக்கும் பயமில்லை.

நடுவில் இறங்கி ஏறுகிறவர்கள்

சிட்னி, மெல்போர்ன் போகிறவர்கள் மலிவுக்காகத் திருச்சி-கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்-சிட்னி தனி டிக்கெட் என்று எடுக்கிறார்கள். திருச்சி கவுன்டருக்கு நீங்கள் மலேசியாவுக்குப் போகிறவர்தான். பெட்டி கோலாலம்பூரில் இறங்கிவிடும். அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். ஆகவே மின்வருகை அட்டை வேண்டும், அடுத்த டிக்கெட்டும் ஆஸ்திரேலிய விசாவும் காட்ட வேண்டும். அதையே சிங்கப்பூர் வழியாகச் செய்தால், சிங்கப்பூர் விசா வேண்டும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருக்கிற இந்தியருக்கு 96 மணி நேர விசா இல்லா இடைத்தங்கல் உண்டு என்றாலும், அது தருவதும் தராததும் அங்கே இருக்கும் அதிகாரி கையில்.

பெரியவர்கள் தனியாகப் போனால் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட் எடுங்கள். பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும், ஏறும் அட்டை எல்லாம் திருச்சியிலோ சென்னையிலோ கையில் வந்துவிடும். சில ஆயிரம் மிச்சப்படுத்த நள்ளிரவில் ஓர் அந்நிய ஊரில் பெட்டியோடு அலையவிடவேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகையில் இருக்கும். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் நம் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதற்குப் பொருள். மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் எல்லாம் அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. வேலைக்கு இல்லாமல் சுற்றுலாவுக்கோ சொந்தக்காரரைப் பார்க்கவோ போனால் தடையில்லை, ஆனால் நம் நாட்டுக் குடிநுழைவு அதிகாரியே திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார், எதற்குப் போகிறீர்கள் என்றும் கேட்பார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அந்தக் கேள்விகள் தொந்தரவுக்காகக் கேட்கப்படுவதில்லை. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப்போய், மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பலிடம் அடைத்துவைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். "வருகையாளராகப் போ, போனபிறகு வேலை அனுமதி வாங்கித் தருகிறோம், கேட்டால் சுற்றுலா என்று சொல்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அவர் எடுத்துக் கொடுக்கும் திரும்பும் டிக்கெட் எவ்வளவு சரியாக இருந்தாலும், போகாதீர்கள்.

இரண்டாவது தடவை

தங்கச்சிக்கு நடுவில் சம்பளப் பிரிவு உயர்ந்தது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில் ஆத்தாவுக்கு நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பித்தாள். அனுமதிக் கடிதமும் அதையொட்டிய விசாவும் வந்த பிறகுதான் டிக்கெட்டைத் தொட்டேன். ஒருவழியே போதும் என்றிருந்தும், தேதி மாற்றக்கூடிய போகவர டிக்கெட்டாகவே எடுத்தேன். ஊரில் திருவிழாவோ ஒரு நல்லது கெட்டதோ வந்தால் ஆத்தா எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக வைத்துக் கொடுத்தேன்: பாஸ்போர்ட், டிக்கெட், அனுமதிக் கடிதம், மின்வருகை அட்டை, தங்கச்சியின் பாஸ் நகல், வீட்டு முகவரி, இரண்டு போன் எண், மருந்துச் சீட்டு. மேலே ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில், எங்கே போகிறார், யார் வீட்டில் தங்குகிறார், எந்தத் தேதியில் திரும்புகிறார் என்று எழுதியிருந்தேன்.

அன்றைக்கும் நான் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றேன். ஆத்தா உறையைக் கவுன்டரில் வைப்பது தெரிந்தது. ஊழியர் மேல் தாளைப் படித்தார், பாஸ்போர்ட்டைப் புரட்டினார், பெட்டிகளை எடையில் ஏற்றினார். ஆத்தா திரும்பி என்னைத் தேடிக் கையசைத்தார். போன் வரவில்லை.